99 சதவீதம் வாயை மூடியும் மூன்று மடங்குதான்: திரெந்தோ சுரங்கச் சாலையின் சென்சார் கணக்கு

சிசி2420 என்ற ரேடியோ சில்லின் தரவுத்தாளில் இரண்டு எண்களைப் பார்க்கலாம். முழு வலுவில் அனுப்பும்போது 17.4 மில்லியாம்ப். கேட்டுக்கொண்டிருக்கும்போது 18.8 மில்லியாம்ப். பேசுவதைவிட, காதைத் தீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்குத்தான் கூடுதலாகச் செலவாகிறது. சென்சார் வலையமைப்பில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இயந்திரக் கற்றலைக் கொண்டுவந்தவர்களில் பலர் முதல் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது எண் என்ன செய்யும் என்பதை ஒரு சுரங்கச் சாலையில், உண்மையான கருவிகளை வைத்து அளந்து காட்டிய ஆய்வைப் பற்றியது இந்தக் கட்டுரை.

இடம் இத்தாலியின் வடக்கே, திரெந்தோ பகுதி. 260 மீட்டர் நீளமுள்ள, இரண்டு திசையிலும் வண்டிகள் போய்வரும் சுரங்கச் சாலை. அதன் சுவர்களில் 40 சென்சார் கணுக்கள்: சென்சார், ரேடியோ, குட்டிக் கணினி, பேட்டரி எல்லாம் சேர்ந்த சிறு கருவிகள். ஆய்வை நடத்தியவர்கள் திரெந்தோ பல்கலைக்கழகத்தையும் அங்குள்ள புரூனோ கெஸ்லர் அறக்கட்டளையையும் சேர்ந்தவர்கள்: உஸ்மான் ராஸா, அலெஸ்ஸாந்த்ரோ கமேரா, ஏமி மர்ஃபி, தெமிஸ் பால்பனாஸ், ஜியான் பியெத்ரோ பிக்கோ. கட்டுரை வெளிவந்தது 2012-இல்.

சுரங்கத்துக்கு எதற்கு சென்சார்

உச்சி வெயிலில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து சட்டென்று ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தால் சில நொடிகளுக்குக் கண் கட்டிவிடும். முன்னால் ஒரு லாரி பழுதாகி நின்றாலும் தெரியாது. அதனால்தான் சுரங்கத்தின் வாய்ப்பக்கம் விளக்குகள் பளீரென்று எரியும். உள்ளே போகப்போக ஒளி படிப்படியாகக் குறையும். எத்தனை மீட்டரில் எவ்வளவு ஒளி இருக்க வேண்டும் என்பதற்குச் சட்டமே ஒரு வளைகோட்டை வகுத்திருக்கிறது. இரவில் இது தலைகீழ்: வெளியே இருட்டு என்பதால் உள்ளே அவ்வளவு வெளிச்சம் தேவையில்லை.

பழைய முறையில் விளக்கின் அளவைத் தேதியையும் நேரத்தையும் வைத்து முன்கூட்டியே எழுதிவைத்துவிடுவார்கள். மேகம் வந்தாலும் சரி, விளக்குக் கண்ணாடியில் புகை படிந்தாலும் சரி, அட்டவணை மாறாது. எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூட்டியே வைப்பார்கள், மின்கட்டணமும் அதற்கேற்ப ஏறும். திரெந்தோவில் செய்தது வேறு. சுவரில் உண்மையில் எவ்வளவு ஒளி விழுகிறது என்று கணுக்கள் 30 நொடிக்கு ஒருமுறை அளந்து சொல்லும். கட்டுப்பாட்டு நிலையம் அதைச் சட்ட வளைகோட்டோடு ஒப்பிட்டு விளக்கைக் கூட்டும், குறைக்கும். சென்சார் வெறுமனே பார்த்துக் குறித்துக்கொள்ளும் ஆள் இல்லை; ஓர் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுச் சுற்றில் அதுவும் ஒரு கண்ணி. தவறான எண் வந்தால் தவறான விளக்கு எரியும்.

வயர் இழுத்திருக்கலாமே என்று கேட்கலாம். சுரங்கத்தில் வயர் இழுப்பது செலவு பிடித்த வேலை, அதற்காகப் போக்குவரத்தை நிறுத்தவும் வேண்டும். வயர் இல்லை என்றால் பேட்டரி. பேட்டரி என்றால் அதை மாற்றப் போகும் ஒவ்வொரு முறையும் மறுபடி போக்குவரத்தை நிறுத்த வேண்டும். அதனால் பேட்டரியின் ஆயுள் இங்கே வசதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. இந்த ஏற்பாடு கட்டுப்படியாகுமா ஆகாதா என்பதே அதை வைத்துத்தான்.

அதற்கு எட்டு ஆண்டு முன்னால், பெர்க்லியில்

அளவுகளை வைத்து ஒரு மாடலைக் கற்றுக்கொள், அந்த மாடல் சொல்ல முடிந்ததை சென்சாரிடம் கேட்காதே. இந்த யோசனையைத் துணிந்து முன்வைத்த பெயர்பெற்ற வேலை 2004-இல் வந்தது. அமோல் தேஷ்பாண்டே, கார்லோஸ் கெஸ்ட்ரின், சாமுவேல் மேடன், ஜோசஃப் ஹெல்லர்ஸ்டைன், வெய் ஹாங் ஆகிய ஐவரும் உருவாக்கிய அமைப்புக்கு 'பிபிக்யூ' என்று பெயர். இன்டெல் நிறுவனத்தின் பெர்க்லி ஆய்வகத்தில் 54 சென்சார்களைப் பரப்பி, 2004 பிப்ரவரி 28 முதல் ஏப்ரல் 5 வரை, 31 நொடிக்கு ஒருமுறை வெப்பநிலை, ஈரப்பதம், ஒளி, பேட்டரியின் வோல்டேஜ் ஆகியவை திரட்டப்பட்டன. அந்தத் தரவு இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. இந்தத் துறையில் பிராஜெக்ட் செய்த மாணவர் அதை ஒருமுறையாவது திறந்து பார்த்திருப்பார்.

பிபிக்யூவிடம் 'ஒவ்வொரு இடத்திலும் வெப்பநிலை என்ன? அரை டிகிரிக்குள் சொன்னால் போதும், 95 சதவீத உறுதி வேண்டும்' என்று கேட்கலாம். எல்லா சென்சார்களின் அளவுகளும் ஒன்றையொன்று எப்படித் தொடர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை அது பழைய தரவிலிருந்து ஒரு பன்மாறிப் பரவலாகக் கற்று வைத்திருக்கும். கேட்ட உறுதிக்கு எந்த இரண்டு மூன்று சென்சார்களை எழுப்பினால் போதும் என்று கணக்குப் போட்டு, அவற்றை மட்டும் எழுப்பும். மற்றவை தூங்கும்.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்க ஏறக்குறைய 0.5 மில்லிஜூல் செலவாகிறது. பேட்டரியின் வோல்டேஜை அளக்க 0.00009 மில்லிஜூல்தான். ஐயாயிரம் மடங்குக்கும் மேல் மலிவு. பேட்டரியின் வோல்டேஜோ அறை சூடேறினால் சற்று ஏறும், குளிர்ந்தால் சற்று இறங்கும். அப்படியானால் தெர்மாமீட்டரைத் தொடவே வேண்டாம், பேட்டரியைக் கேட்டே வெப்பநிலையை ஊகித்துவிடலாமே! வேறு எதற்காகவோ பக்கத்தில் இருந்த ஓர் எண்ணை, மாடல் தானாகவே மலிவான தெர்மாமீட்டராக மாற்றிக்கொண்டது. கையால் விதி எழுதும் யாருக்கும் இது சட்டென்று தோன்றியிருக்காது.

சரி, இப்போது அதே தரவின் கடைசி வாரங்களுக்குப் போவோம். ஏதாவது ஒரு சென்சாரின் வெப்பநிலையை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு ஒரு மேடும் பள்ளமுமாக 20 டிகிரியைச் சுற்றி அழகாகப் போய்க்கொண்டிருக்கும் கோடு, ஒரு கட்டத்தில் மேலே கிளம்பி, 100 டிகிரியைத் தாண்டி, 122-க்குப் பக்கத்தில் போய் அசையாமல் நிற்கும். ஆய்வகம் தீப்பிடிக்கவில்லை. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது, வோல்டேஜ் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் சென்சார் உளற ஆரம்பித்துவிட்டது. வோல்டேஜ் குறைந்தால் குளிர் என்று கற்றுக்கொண்ட மாடலுக்கு இந்த நேரத்தில் வோல்டேஜ் ஒன்று சொல்கிறது, தெர்மாமீட்டர் நேர் எதிராக வேறொன்று சொல்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்த வந்த மாடல், மின்சாரம் தீரும்போது முதலில் கவிழ்கிறது. இதை நான் அறிந்தது கட்டுரை படித்தல்ல. முதல் தடவை அந்தத் தரவை வைத்து ஒரு மாடலைப் பயிற்றுவித்து, பிழை ஏன் இப்படி எகிறுகிறது என்று ஒரு மாலை முழுக்க என் நிரலில் குற்றம் தேடிய பிறகுதான்.

இன்னொரு கணக்கு. 37 நாள், 31 நொடிக்கு ஒன்று, 54 சென்சார் என்று பெருக்கினால் ஏறக்குறைய 56 லட்சம் அளவுகள் வந்திருக்க வேண்டும். தரவில் இருப்பது சுமார் 23 லட்சம். பாதிக்கு மேல் வந்துசேரவே இல்லை. மாடலின் துல்லியத்தை இரண்டாம் தசமத்தில் பேசும் கட்டுரைகள் பலவும் இந்த ஓட்டையை முன்பின் அளவுகளை வைத்து ஊகித்த ஏதோ ஓர் இடைச்செருகலால் அடைத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் கடந்துபோகும்.

பிபிக்யூவில் அடிப்படையான ஒரு குறையும் இருந்தது. எப்போது கேட்பது என்று முடிவெடுப்பது மையம், அதாவது அளவுகளையெல்லாம் திரட்டும் கணினி. கேட்காத நேரத்தில் ஓர் அறையில் யாராவது ஏசியை நிறுத்திவிட்டால் மாடலுக்குத் தெரியாது. அது வழக்கம்போலவே ஊகித்துக்கொண்டிருக்கும். இந்தக் குழுவில் சிலரே இரண்டு ஆண்டு கழித்து இதைத் திருப்பிப் போட்டார்கள். ஒரே மாடல் கணுவிலும் இருக்கட்டும், மையத்திலும் இருக்கட்டும். கணு தன் அளவை மாடலின் ஊகத்தோடு ஒப்பிடட்டும். ஊகம் சரியாக இருக்கும்வரை மௌனம். தவறினால் மட்டும் வாயைத் திற. இப்போது மௌனமே ஒரு செய்தி: 'நீ நினைத்துக்கொண்டிருப்பது சரிதான்.' திரெந்தோ குழு எடுத்துக்கொண்டது இந்த வழியைத்தான்.

பள்ளிக்கூடத்து நேர்கோடு

கணுக்களின் உள்ளே இருப்பது என்ன வகைக் கணினி என்று தெரிந்தால், எந்த மாடல் அங்கே ஓடும் என்பதும் தெரிந்துவிடும். அந்தக் காலத்து டிமோட் ஸ்கை வகைக் கணுவில் 16 பிட் எம்எஸ்பி430 கன்ட்ரோலர், 10 கிலோபைட் ரேம், 48 கிலோபைட் ஃபிளாஷ். அதற்குள்தான் இயங்குதளம், ரேடியோ நெறிமுறை, பயன்பாட்டு நிரல் எல்லாம். தசம எண்களைக் கையாளத் தனி வன்பொருள் கிடையாது. நரம்பியல் வலை என்ற பேச்சுக்கே இடமில்லை.

அவர்கள் வைத்த மாடலின் பெயர் 'டிபிபி', அதாவது சரிவை வைத்து ஊகிப்பது. செய்முறையைச் சொன்னால் 'இவ்வளவுதானா' என்று இருக்கும். அடுத்தடுத்து வந்த சில அளவுகளை ஒரு சன்னலாக எடுத்துக்கொள். சன்னலின் தொடக்கத்தில் இருக்கும் சில புள்ளிகளுக்குச் சராசரி. கடைசியில் இருக்கும் சில புள்ளிகளுக்குச் சராசரி. இரண்டையும் ஒரு நேர்கோட்டால் இணை. அந்தக் கோடுதான் மாடல். அதை மையத்துக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இரு. உண்மையான ஒளி அந்தக் கோட்டைவிட்டு அனுமதித்த அளவுக்கு மேல் விலகி, அனுமதித்த நேரத்துக்கு மேலும் விலகியே இருந்தால் புதுக் கோடு போட்டு அனுப்பு.

நேரத்துக்கும் ஒரு சலுகை கொடுத்தது கெட்டிக்காரத்தனம். ஒரு லாரி கணுவை மறைத்துக்கொண்டு போகிறது, அல்லது ஹெட்லைட் வெளிச்சம் நேராக அதன்மேல் அடிக்கிறது. அளவு ஒரு கணம் துள்ளும், அப்புறம் பழைய இடத்துக்கே வந்துவிடும். அதற்காகச் சுரங்கத்தின் விளக்கைக் கூட்டிக் குறைக்கப்போவதில்லை. அப்படியிருக்க, அந்தத் துள்ளலை ஊருக்கெல்லாம் சொல்வானேன்? பயன்பாட்டுக்கு எது வேண்டாம் என்பதை மாடலுக்குள்ளேயே எழுதிவிட்டார்கள்.

புள்ளியியல் படித்தவர்கள், 'ஏன் ஓரத்துப் புள்ளிகளின் சராசரி? எல்லாப் புள்ளிகளையும் கணக்கில் எடுத்துப் பிழையைக் குறைக்கும் குறைந்த வர்க்க முறையில் கோடு போட்டால் இன்னும் நன்றாகப் பொருந்துமே?' என்று கேட்பார்கள். பொருந்தும், ஆனால் சன்னலுக்கு உள்ளே. இங்கே வேண்டியது சன்னலுக்கு வெளியே, இனி வரப்போகும் நிமிடங்களில் பொருந்துவது. நடந்து முடிந்ததை அச்சுப் பிசகாமல் விவரிக்கும் மாடலும், நடக்கப்போவதை ஓரளவு சரியாகச் சொல்லும் மாடலும் வேறுவேறு. ஓரங்களைச் சராசரியாக்கியதால், நடுவில் துள்ளிய புள்ளி ஒன்று கோட்டைத் தன் பக்கம் இழுத்துவிடவும் முடியாது. முந்தைய அளவுகளிலிருந்து அடுத்ததைக் கணிக்கும் தன்தொடர்பு மாடல், பல்லுறுப்புக் கோவை என்று கனமான போட்டியாளர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்தச் சுரங்கத்தில் எளியதே முந்தியது.

இதை இயந்திரக் கற்றல் என்று சொல்லலாமா என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. தரவிலிருந்து கோட்டின் சரிவு போன்ற அளபுருக்களைக் கற்று, வராத தரவை ஊகித்து, தவறும்போது மறுபடி கற்கிறது. எனக்கு அது போதும்.

ஒப்பிட்டுப் பார்க்கத் தரவும் குறைவில்லை. ஒரு கணு நாளுக்கு 2,880 அளவுகள். 40 கணுவுக்கு 1,15,200. அப்படி 47 நாள், மொத்தம் 54,14,400. பயன்பாடு கேட்ட பிழை வரம்புக்குள் நின்றுகொண்டே டிபிபி 99 சதவீதம் வரை செய்திகளை நிறுத்திவிட்டது. நாளுக்கு 2,880 முறை பேசிய கணு 29 முறை பேசினால் போதும் என்ற நிலை.

இத்துறையின் பெரும்பாலான கட்டுரைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். '99 சதவீதம் மிச்சம்' என்று சுருக்கத்தில் ஒரு வரி, நன்றியுரை, அவ்வளவுதான். திரெந்தோ குழு அங்கே நிற்காமல், இதே மாடலை ஆய்வகச் சோதனைத் தளத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கத்திலும் போட்டு, பேட்டரியின் ஆயுள் எத்தனை மடங்கு நீள்கிறது என்று பார்த்தது.

மூன்று மடங்கு.

மீதி எங்கே போயிற்று

செய்தி நூறில் ஒன்றாகிவிட்டது. ஆயுள் மட்டும் ஏன் நூறு மடங்கு ஆகவில்லை? ஒரு கணுவின் ஒரு நாளைக் கையால் போட்டுப் பார்க்கலாம். கீழே வருபவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள், சுரங்கத்தில் அளந்தவை அல்ல.

இந்த ரேடியோ நொடிக்கு 250 கிலோபிட் அனுப்பும். 40 பைட் கொண்ட ஒரு பாக்கெட், அதாவது ஒரு செய்திப் பொட்டலம், காற்றில் இருப்பது சுமார் 1.3 மில்லிநொடி. நாளுக்கு 2,880 பாக்கெட் என்றால் மொத்தம் 4 நொடிகூட இல்லை. ஒரு நாளில் 4 நொடி! இதற்கா இவ்வளவு பாடு?

சிக்கல் என்னவென்றால், பாக்கெட்டைப் பிடிக்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். எப்போது வரும் என்று தெரியாத பாக்கெட்டுக்காக ரேடியோவை எப்போதும் திறந்தே வைத்தால், 2,500 மில்லியாம்ப்-மணி பேட்டரி 18.8 மில்லியாம்பில் ஐந்தரை நாளில் காலி. அதனால் எல்லாக் கணுவும் கோழித்தூக்கம் போடும். நொடிக்கு ஒருமுறை விழித்து, 10 மில்லிநொடி காது கொடுத்து, சத்தம் இல்லையென்றால் மறுபடி தூங்கிவிடும். இதற்கு மட்டும் நாளுக்கு 864 நொடி. அனுப்புகிறவருக்கோ எதிர்ப்பக்கம் எப்போது விழிக்கும் என்று தெரியாது. கதவைத் தட்டிக்கொண்டே நிற்பது போல, ஒரே பாக்கெட்டைத் திரும்பத்திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சராசரியாக அரை நொடி. 2,880 பாக்கெட்டுக்கு 1,440 நொடி.

கூட்டினால் 2,304 நொடி. இப்போது டிபிபியைப் போடுவோம். தட்டும் நேரம் 1,440-இலிருந்து 15 நொடிக்குக் கீழே விழுந்துவிடும். அபாரம். காது கொடுக்கும் 864 நொடியில் ஒரு நொடிகூடக் குறையாது, ஏனென்றால் யாரும் பேசவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளவும் விழித்துத்தான் ஆகவேண்டும். மொத்தம் சுமார் 880. இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். சுரங்கத்தில் அளந்த மூன்றுக்கு இது ரொம்பத் தூரமில்லை.

அப்படியானால் விழிக்கும் இடைவெளியை நீட்டலாமே? நீட்டலாம். பேச்சு அபூர்வமாகிவிட்டதால் ஒவ்வொரு தட்டலும் இரண்டு மடங்கு நேரம் எடுத்தாலும் பரவாயில்லை. ஆனால் எவ்வளவு வேண்டுமானாலும் நீட்ட முடியாது. இதில் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. எந்தக் கணு வழியாக மையத்துக்குப் போவது என்ற பாதையைச் சரியாக வைத்திருக்க, தரவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணுக்கள் அவ்வப்போது 'நான் இருக்கிறேன், என் வழியாகப் போனால் இவ்வளவு தூரம்' என்று அக்கம்பக்கத்துக்கு அறிவிக்கும். திரெந்தோவில் பயன்பட்டது அப்போது பரவலாக இருந்த 'சிடிபி' என்ற மர வடிவ நெறிமுறை: கிளைகள் அடிமரத்தில் சேர்வதுபோல, கணுவுக்குக் கணு தாவிச் செய்திகள் மையத்தில் போய்ச்சேரும். பொது அறிவிப்பு என்பதால் அதை அக்கம்பக்கத்தில் எல்லோரும் விழிக்கும்வரை, ஒரு முழு இடைவெளிக்கும் தட்ட வேண்டும். இடைவெளியை நீட்டினால் இந்தச் செலவும் கூடவே நீளும். தரவு நிறைய இருந்தபோது இந்த அறிவிப்புகள் கண்ணில் படாத சில்லறை. தரவு ஒழிந்ததும் அவையே பெரும்பணம்.

இயந்திரக் கற்றல் தன் வேலையைக் குறைவின்றிச் செய்துவிட்டது. அதன் கைக்கு எட்டிய செலவை ஏறக்குறைய முழுக்கத் துடைத்துவிட்டது. எஞ்சியிருந்ததெல்லாம் அதன் கைக்கு எட்டாதது. இன்னும் நல்ல மாடல் ஒன்றைக் கொண்டுவந்து 99-ஐ 99.9 ஆக்கியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? மேலே போட்ட கணக்கில் 15 நொடி 2 நொடியாகும். 880-க்கு 866. ஒரு முனைவர் பட்ட ஆய்வு முழுக்க உழைத்து ஒன்றரை சதவீதம்.

வேறொரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது, அது மின்சாரத்தில் அல்ல. 30 நொடிக்கு ஒருமுறை பேசும் வலையமைப்பில் ஒரு பாக்கெட் தொலைந்தால் ஒன்றும் குடிமுழுகாது. அரை நிமிடத்தில் அடுத்தது வந்துவிடும். மாடலை மட்டும் அனுப்பும் வலையமைப்பில் அந்த ஒரு பாக்கெட்தான் எல்லாம். அது தொலைந்தால் மையம் பழைய கோட்டையே நம்பிக்கொண்டு, அடுத்த மாடல் வரும்வரை தவறான வெளிச்சத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். மௌனத்துக்கு 'நீ நினைப்பது சரி' என்று ஒரு பொருள் வைத்தோம். பேட்டரி செத்துப்போன கணுவும் மௌனமாகத்தான் இருக்கும். இரண்டையும் பிரித்தறிய அவ்வப்போது ஒரு உயிர்த்துடிப்புச் செய்தி வேண்டும், அதற்கும் ஒரு செலவு.

அதே மாடல், வேறு ரேடியோ ஒழுங்கு

திரெந்தோ குழுவே 2012 கட்டுரையின் முடிவில் மாடலையும் வலையமைப்பையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நான்கு ஆண்டு கழித்து, 2016-இல், திமோஃபெய் இஸ்தோமினோடு சேர்ந்து மர்ஃபி, பிக்கோ, ராஸா மூவரும் 'கிரிஸ்டல்' என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தார்கள். மாடல் அதே டிபிபி. அதில் கை வைக்கவே இல்லை. மாற்றியதெல்லாம் கீழே இருந்த ரேடியோ ஒழுங்கைத்தான்.

அடித்தளம் சூரிக்கிலிருந்து 2011-இல் வந்த 'கிளாஸி'. பலர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேச்சும் கேட்காது என்பதுதான் ரேடியோவில் எல்லோரும் கற்ற முதல் பாடம். கிளாஸி அதை மறுத்தது. எல்லோரும் ஒரே பாக்கெட்டை, அரை மைக்ரோநொடிக்குள் சேர்ந்தாற்போல் அனுப்பினால் அலைகள் மோதிக் குழம்புவதில்லை, பாக்கெட் பெரும்பாலும் நன்றாகவே போய்ச்சேர்கிறது. ஒருவர் சொன்னதைக் கேட்டவர் எல்லோரும் உடனே சேர்ந்து திரும்பச் சொல்ல, அதைக் கேட்டவர்கள் அடுத்துச் சொல்ல, சில மில்லிநொடியில் செய்தி வலையமைப்பு முழுக்கப் பரவிவிடும். பாதை வேண்டாம், மரம் வேண்டாம், அக்கம்பக்கத்து அறிவிப்பும் வேண்டாம்.

கிரிஸ்டல் இதன்மேல் ஒரு வகுப்பறைப் பழக்கத்தைப் போல அமைந்தது. குறித்த நேரத்தில் எல்லோரும் ஒன்றாக விழிப்பார்கள். மையம் முதலில் ஒரு செய்தியைப் பரப்பி எல்லோருடைய கடிகாரத்தையும் ஒன்றாக்கும். பிறகு, 'யாருக்காவது சொல்ல ஏதாவது இருக்கா?' என்பது போல ஒரு சிறு இடைவெளி. இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்வார்கள். ரேடியோவின் இயல்பால், பல குரலில் வலுவான ஒன்று மையத்தின் காதில் விழும். 'இன்னாருடையது வந்தது' என்று மையம் ஊரறியச் சொல்லும். விடுபட்டவர்கள் அடுத்த இடைவெளியில் மறுபடி சொல்வார்கள். தொடர்ந்து சில இடைவெளிகள் அமைதியாகப் போனால் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். செய்தி தொலைந்தால் ஒப்புதல் வராது. ஒப்புதல் வரும்வரை சொன்னவர் விடமாட்டார். மாடல் பாக்கெட் தொலைந்துவிடுமோ என்ற பயத்துக்கும் இதிலேயே மருந்து இருக்கிறது.

முன்பு நூறில் ஒரு பங்கு நேரமாவது விழித்திருந்த ரேடியோ, இங்கே ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு இறங்கிவந்தது. இது மாடல் இல்லாமல் நடந்திருக்காது: எல்லோரும் ஒவ்வொரு முறையும் பேசுவதாக இருந்தால், 40 பேரும் ஒருவர் பின் ஒருவராக ஒப்புதல் வாங்கி முடிக்க இந்த முறைதான் மிகவும் மோசம். பெரும்பாலான நேரம் பெரும்பாலானவர்களுக்குச் சொல்ல எதுவும் இருக்காது என்று மாடல் உறுதி தந்ததால்தான், அந்த உறுதியின்மேல் கண்ணை மூடிக்கொண்டு ரேடியோவை வடிவமைக்க முடிந்தது.

இன்று கன்ட்ரோலர்கள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. சிறு நரம்பியல் வலைகளைக் கணுவிலேயே ஓட்டலாம். பெர்க்லி தரவின்மேல் எல்எஸ்டிஎம் என்ற வகை நரம்பியல் வலையைப் போட்டு 'தரவுக் குறைப்பு இத்தனை சதவீதம்' என்று முடியும் கட்டுரைகளும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அவற்றை எடுத்ததும் நான் தேடுவது, ரேடியோவின் விழிப்பு நேரத்தை நொடிக்கணக்கில் எங்காவது போட்டிருக்கிறார்களா என்பதை. பெரும்பாலும் இருக்காது.

கிரிஸ்டலில் எஞ்சிய செலவு எங்கே போகிறது என்று பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். தரவு அனுப்புவதில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கடிகாரங்களை ஒன்றாக்கவும், யாருக்காவது சொல்ல ஏதாவது இருக்கா என்று கேட்டு ஒருவரும் பதில் சொல்லாத அந்தச் சில மில்லிநொடி அமைதிக்குமே இப்போது பேட்டரி கரைந்துகொண்டிருக்கிறது.